சைக்கிளையும் கூட்டிக்கிட்டுப் போங்க, கார் வாங்க!

கேள்வி-பதில் பகுதிக்குப் போன மாதம் செங்கம் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நிலக்கடலையில் வேரழுகல், மாட்டுக்கு மடிவீக்கம், சொட்டுநீர் மானியம் என்றுதான் வழக்கமாகக் கேட்பீர்கள். இந்த வாசகி கேட்டது வேறு.

'எங்களுக்கு இரண்டரை ஏக்கர், மூன்று கறவை மாடு. மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடம் ஏழு கிலோமீட்டர். பள்ளியில் கொடுத்த சைக்கிளில்தான் போய் வருகிறாள். ஸ்பெஷல் கிளாஸ் முடிய சாயங்காலம் ஆறரை ஆகிவிடுகிறது. ஏரிக்கரைப் பாதையில் விளக்கு கிடையாது. அவள் சைக்கிள் மிதிக்க, அவள் அப்பா பைக்கில் பின்னாலேயே வெளிச்சம் காட்டிக்கொண்டு வருகிறார். மழை வந்தால் அதுவும் முடியாது. சைக்கிளைப் பள்ளியில் விட்டுவிட்டு பைக்கில் ஏற்றி வந்தால், மறுநாள் காலையில் அவள் போக வழியில்லை. அந்த நேரத்தில் இவர் பால் ஊற்றப் போயிருப்பார். மாமியாருக்கு மூட்டுவலி, மாதம் ஒருமுறை திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். பஸ் படியில் அவர்களால் ஏற முடியவில்லை. ஒரு கார் வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சைக்கிள் உள்ளே போக வேண்டும், மாமியாரும் வலியில்லாமல் ஏறி உட்கார வேண்டும், எங்கள் சக்திக்குள்ளும் இருக்க வேண்டும். எந்தக் கார் வாங்கலாம்?'

இதற்கு இரண்டு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்காமல் கார் வாங்கி முழித்தவன் நான்.

சில வருடங்களுக்கு முன்பு நாங்கள் ஒரு கார் வாங்கினோம். பின்னால் பெட்டி மாதிரி தனியாக டிக்கி நீட்டிக்கொண்டிருக்கும் வகை. 'பையனோட சைக்கிள் போகுமா தம்பி?' என்று ஷோரூமில் கேட்டேன். 'நானூறு லிட்டர் டிக்கி சார். சைக்கிள் என்ன, கன்னுக்குட்டியவே ஏத்தலாம்' என்றார் அந்தத் தம்பி. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து சைக்கிளைத் தூக்கி வைத்தால், பின்சக்கரம் போனது, பெடல் போனது, ஹேண்டில்பாரோடு நின்றுவிட்டது. உள்ளே இடம் இருந்தது. அந்த இடத்துக்குப் போகிற வாய்தான் குறுகல். பின்சீட்டும் மடங்காத வகை. டிக்கியைத் திறந்தபடியே கயிற்றால் கட்டி, பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிப்போனோம். பாதி வழியிலேயே பையன் தலை வலிக்கிறது என்றான். காருக்குள் புகை வாசம். ஏன் அப்படி ஆனது என்பதைக் கீழே சொல்கிறேன். அது சின்ன விஷயம் இல்லை.

லிட்டரை மறந்துவிடுங்கள்

விளம்பரத்தில் டிக்கியின் அளவை லிட்டரில் போடுகிறார்கள். தண்ணீராக இருந்தால் மூலைமுடுக்கெல்லாம் நிறையும், சரி. சைக்கிள் வளைந்து கொடுக்காது. அதற்கு நீளம், அகலம், உயரம்தான் கணக்கு.

வீட்டில் ஒரு டேப் எடுத்து முதலில் சைக்கிளை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது இருக்கும் 26 இன்ச் சைக்கிள், முன்டயர் நுனியிலிருந்து பின்டயர் நுனிவரை 5 அடி 9 அங்குலம். தரையிலிருந்து ஹேண்டில்பார்வரை உயரம் மூன்றேகால் அடி. ஹேண்டில்பார் அகலம் இரண்டு அடி. 26 இன்ச் என்பது சக்கரத்தின் அளவுதான், சைக்கிளின் நீளம் இல்லை. இதில் பலர் குழம்பிப்போகிறார்கள். முன்சக்கரத்தைக் கழற்றினால் நீளத்தில் ஒரு அடிக்குச் சற்றுக் கூடுதலாகக் குறையும். அந்த ஒரு அடிதான் பல கார்களில் ஏறுமா ஏறாதா என்பதை முடிவு செய்கிறது. பெண்பிள்ளைகள் சைக்கிளில் முன்னால் இருக்கும் கூடையையும் சேர்த்து அளக்க வேண்டும்.

பிறகு காரை அளக்க வேண்டும். பின்கதவைத் திறந்து, அந்த வாயின் அகலத்தை மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை அளங்கள். பல கார்களில் மேலே குறுகும். வாயின் உயரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பின்சீட்டை மடக்கச் சொல்லி, முன்சீட்டின் முதுகிலிருந்து பின்கதவுவரை தரையின் நீளத்தை எடுங்கள். முன்சீட்டை வழக்கமாக ஓட்டுபவர் உட்காரும் நிலையில் வைத்துத்தான் இதை அளக்க வேண்டும். ஷோரூமில் சீட்டை முன்னால் தள்ளிவைத்து 'பாருங்க எவ்வளவு இடம்' என்பார்கள். ஆறடி மனிதர் வீட்டில் ஓட்டப்போகிறார் என்றால் அந்த இடம் மாயமாகிவிடும். கடைசியாக, வெளியே தரையிலிருந்து டிக்கி விளிம்பு எவ்வளவு உயரம் என்று பாருங்கள். சாதாரண இரும்பு சைக்கிள் 20 கிலோவை ஒட்டி இருக்கும். அதைப் பதினாறு வயதுப் பெண் தனியாக இடுப்பு உயரத்துக்குத் தூக்க வேண்டியிருக்குமா என்பதும் கேள்விதானே.

டேப்பை நம்பாதவர்கள் சைக்கிளையே கொண்டுபோகலாம். கூச்சப்பட ஒன்றும் இல்லை. லட்சக்கணக்கில் பணம் கொடுக்கப்போவது நாம். மாடு வாங்கும்போது பால் கறந்து பார்க்காமலா வாங்குகிறோம்?

சைக்கிள் ஏறிய பிறகு யார் உட்காருவது?

சைக்கிள் ஏறுகிற கார்கள் நிறைய உண்டு. ஏறிய பிறகு வீட்டு ஆட்களுக்கு இடம் இருக்கிறதா என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பின்சீட்டு முழுவதும் ஒரே பலகையாக மடங்கும் காரில் சைக்கிளை ஏற்றினால், மிச்சம் முன்னால் இரண்டு பேர்தான். அப்பாவும் மகளும் மட்டும் என்றால் போதும். ஆஸ்பத்திரியிலிருந்து பாட்டியைக் கூட்டிக்கொண்டு, வழியில் பள்ளியில் பேத்தியையும் சைக்கிளையும் ஏற்ற வேண்டும் என்றால் போதாது.

அதனால் பின்சீட்டு இரண்டு துண்டாகப் பிரிந்து தனித்தனியாக மடங்குகிறதா என்று கேளுங்கள். 60:40 என்று சொல்வார்கள். ஒரு பக்கத்தை மடக்கி சைக்கிளை நீளவாக்கில் விட்டு, இன்னொரு பக்கத்தில் ஆள் உட்காரலாம். ஒரே காரில் விலை குறைந்த வேரியன்ட்டில் இந்த வசதி இல்லாமல், அதற்கு மேல் உள்ளதில் மட்டும் இருப்பதும் உண்டு. எந்த வேரியன்ட்டுக்குப் பணம் கட்டுகிறீர்களோ அதே வேரியன்ட்டைத் திறந்து பாருங்கள்.

நம் ஊர்களில் அதிகம் ஓடுகிற சில வண்டிகளைப் பார்ப்போம். மாருதி வேகன் ஆர் உயரமான கார். குனியாமல், ஏறவும் வேண்டாமல் அப்படியே உட்கார்ந்துவிடலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது பெரிய வசதி. பின்சீட்டை மடக்கி, முன்சக்கரத்தைக் கழற்றிப் படுக்கவைத்தால் சைக்கிளுக்கு இடம் கிடைக்கும், ஆனால் ஆள் குறையும். ஈகோவின் பின்பக்கம் நல்ல உயரம், பக்கக் கதவு தள்ளித் திறப்பது. மூட்டை முடிச்சு ஏற்ற அருமையான வண்டி. ஐந்து பேர் அமரும் வகையில் டிக்கி பெரிதுதான். என்றாலும் பின்சீட்டுக்குப் பின்னால் உயரம் இருக்கும் அளவுக்கு நீளம் இல்லை. படியும் கொஞ்சம் உயரம். பாட்டியை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இந்தத் தேவைக்கென்றே செய்தது போல எனக்குத் தோன்றுவது ரெனால்ட் ட்ரைபர். நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளத்தில் மூன்று வரிசை. மூன்றாவது வரிசை சீட்டுகளை அப்படியே கழற்றி வீட்டுத் திண்ணையில் வைத்துவிடலாம். ஏழு சீட்டும் இருந்தால் டிக்கி வெறும் 84 லிட்டர்தான், ஒரு பை வைக்கலாம். பின்வரிசையைக் கழற்றினால் 625 லிட்டர். நடுவரிசையும் பிரிந்து மடங்கும், முன்னும் பின்னும் நகரும். ஒரு பக்கம் சைக்கிள், ஒரு பக்கம் பாட்டி என்று வைக்கலாம். குறையையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஒரு லிட்டர்தான். ஆள் நிறைய ஏறி ஜவ்வாது மலைப் பாதையில் போனால் மூச்சு வாங்கும்.

எர்டிகாவில் மூன்றாம் வரிசை தரையோடு மடங்கும், இடம் தாராளம். ஆனால் நீளம் கிட்டத்தட்ட 4.4 மீட்டர், விலையும் வரியும் அதற்கேற்ப. பொலிரோவை நம் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். பின்னால் எதிரெதிராக இருக்கும் சீட்டுகளை மடக்கினால் இடம் கிடைக்கும். அதன் தரை உயரம், பாட்டிக்கும் சைக்கிளுக்கும் இரண்டுக்குமே. பின்கதவு ஸ்டெப்னியோடு பக்கவாட்டில் திறப்பதால், சுவரை ஒட்டி நிறுத்திவிட்டுத் திறக்க முடியாது.

கேஸ் வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சி.என்.ஜி. சிலிண்டர் பல கார்களில் டிக்கியில்தான் உட்கார்ந்திருக்கும். சீட்டை மடக்கினாலும் நடுவில் சிலிண்டர் மேடாக நிற்கும், சைக்கிள் சமமாகப் படுக்காது. டாட்டா நிறுவனம் இப்போது சிறிய இரண்டு சிலிண்டர்களை டிக்கித் தரைக்குக் கீழே வைத்துத் தருகிறது. எரிபொருள் செலவு குறைகிறது என்பதற்காக டிக்கியைப் பார்க்காமல் புக் செய்துவிடாதீர்கள். பக்கத்தில் கேஸ் பங்க் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

சக்கரம் கழற்றுவது தினசரி வேலையா?

வருடத்துக்கு நான்கு தடவை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோக என்றால் முன்சக்கரத்தைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை. ஸ்பேனரால் இரண்டு நட்டைத் தளர்த்தி, மட்கார்டு கம்பியை விலக்கினால் வந்துவிடும். பிரேக் கட்டையில் டயர் மாட்டிக்கொண்டால் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள், வழுக்கிக்கொண்டு வரும். கழற்றிய நட்டு, வாஷரை அப்போதே ஃபோர்க்கில் திருப்பி மாட்டிவிடுங்கள். பாக்கெட்டில் போட்டால் துணி துவைக்கும்போதுதான் கிடைக்கும். பெடல் இடித்தால் அதையும் கழற்றலாம். வலது பெடல் வழக்கம்போலக் கழலும், இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை. தெரியாமல் முறுக்கி மரையைத் தேய்த்துவிடுகிறவர்கள் அதிகம்.

ஆனால் கடிதம் எழுதிய வாசகிக்கு மழைக்காலத்தில் இது வாரத்துக்கு நாலு நாள் வேலை. இருட்டில், மழையில், பள்ளி வாசலில் நின்று ஸ்பேனர் பிடிக்க முடியாது. தினசரித் தேவை உள்ளவர்கள், எதையும் கழற்றாமல் ஹேண்டில்பாரைத் திருப்பினாலே சைக்கிள் உள்ளே போகிற காரைத்தான் தேட வேண்டும். சீட்டை இறக்க, கையாலேயே திருகும் கிளாம்ப் சைக்கிள் கடையில் கிடைக்கும். அதை மாட்டிக்கொண்டால் உயரம் சட்டென்று குறையும்.

உள்ளே வைக்கும்போது செயின் இருக்கும் வலது பக்கம் மேலே வரும்படி படுக்க வையுங்கள். அடியில் பழைய போர்வையோ கோணிச் சாக்கோ போட்டால் சீட்டில் கிரீஸ் ஒட்டாது. அதைவிட முக்கியம் கயிறு. சடன் பிரேக் போடும்போது 20 கிலோ இரும்பு முன்னால் பாயும். அதன் வழியில் நம் பிள்ளையின் பின்மண்டை இருக்கிறது. இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டாமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். பின்சீட்டில் உட்காருபவர்களும் பெல்ட் போட வேண்டும்.

டிக்கியைத் திறந்து ஓட்டாதீர்கள்

என் பையனுக்குத் தலைவலி வந்த கதைக்கு வருகிறேன். கார் ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்று சுழன்று, திறந்திருக்கும் டிக்கி வழியாக உள்ளே இழுக்கப்படும். சைலன்ஸர் புகையும் அதோடு சேர்ந்து உள்ளே வரும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று போய், அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. நமக்குத் தெரிந்த புகை வாசம் மற்ற வாயுக்களுடையது. வாசம் இல்லையென்றால் ஆபத்து இல்லை என்று நினைக்கவும் முடியாது. பிறகு ஒரு மருத்துவர் இதை விளக்கியபோது, கயிறு கட்டிய என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சட்டமும் இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதித்த அளவைத் தாண்டி சுமை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். பின்னால் மாட்டும் சைக்கிள் ஸ்டாண்டுகள் கடையில் விற்கிறார்கள். நம்பர் பிளேட்டையும் பின்விளக்கையும் மறைத்தால் அதுவும் தப்பு. இருட்டில் பின்னால் வருகிற லாரிக்கு நம் வண்டி தெரிய வேண்டாமா? அதனால்தான் 'உள்ளே போகிற மாதிரி' என்று அந்த வாசகி கேட்டது சரியான கேள்வி என்கிறேன்.

கடனைப் பற்றிக் கொஞ்சம் கசப்பாக

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டிய கார்களுக்கு 40 சதவிகிதம். விலை குறைந்ததைக் காட்டி, 'இப்பவே எடுத்துடுங்க' என்று அவசரப்படுத்துவார்கள். அவசரம் அவர்களுக்குத்தான்.

ஐந்து லட்சம் கடன், ஒன்பதரை சதவிகித வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 10,500 ரூபாய். 'ஏழு வருஷம் போட்டுக்கங்க, தவணை 8,200-க்குள்ள வந்துடும்' என்பார்கள். வந்துவிடும்தான். ஆனால் மொத்த வட்டி 1,30,000-லிருந்து 1,86,000-க்கு ஏறிவிடும். கடலை வருடத்துக்கு இரண்டு தடவைதான் காசு தரும், தவணையோ பன்னிரண்டு தடவை வந்து நிற்கும். பால் பணத்தை நம்பித்தான் கட்ட முடியும் என்றால், ஒரு மாடு வற்றியிருக்கும் மாதத்தில் என்ன செய்வீர்கள் என்று இப்போதே கணக்குப் போடுங்கள். அறுவடை மாதங்களில் மட்டும் கட்டும் தவணை முறை உண்டா என்று கடன் கொடுப்பவரிடம் கேளுங்கள். டிராக்டருக்குத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பயிருக்கென்று நகையை வைத்து வாங்கிய கடனை காருக்கு முன்பணமாகக் கட்டாதீர்கள். மூன்று லட்சம் வரையிலான பயிர்க்கடனை ஒழுங்காகத் திருப்பினால் நான்கு சதவிகிதத்தில் முடியும். அந்தப் பணம் காருக்குப் போனால் உரத்துக்கு வெளியில் வட்டிக்கு வாங்க வேண்டிவரும். ஐந்து சதவிகிதம் மிச்சம் பிடித்ததாக நினைத்து இருபத்திநாலு சதவிகிதம் கொடுப்பீர்கள். பழைய கார் பார்ப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆர்.சி.யில் கடன் பாக்கி நீக்கப்பட்டிருக்கிறதா, இன்ஷூரன்ஸ் ஓடுகிறதா என்று பார்த்து, தெரிந்த மெக்கானிக்கையும் கூட்டிப்போங்கள். தவணையைச் சமாளிக்க, வெள்ளை போர்டு காரில் காசு வாங்கிக்கொண்டு ஆளோ சரக்கோ ஏற்றலாம் என்று கணக்குப் போடாதீர்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கை விரித்துவிடும்.

வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் சைக்கிளை ஏற்ற வேண்டும் என்றால் காரே வேண்டாம். குட்டி யானை வாடகைக்கு எடுங்கள்.

அந்த வாசகியிடம் போனிலும் பேசினேன். 'பழைய சைக்கிள் இன்னொன்று வாங்கி, ஒன்று வீட்டில், ஒன்று பள்ளியில் என்று வைத்தால் என்னம்மா?' என்றேன். பக்கத்தில் இருந்த மகள் போனை வாங்கி, 'ரெண்டு நாள் தொடர்ந்து மழை பேஞ்சா ரெண்டு சைக்கிளும் ஸ்கூல்லதான் சார் நிக்கும்' என்றாள். உண்மைதான். என் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பால் வண்டிக்காரரின் வேனில் சைக்கிளை ஏற்றி, மாமியாரையும் அழைத்துக்கொண்டு திருவண்ணாமலையில் மூன்று ஷோரூம் பார்த்திருக்கிறார்கள். ஒரு இடத்தில் சிரித்தார்களாம். ஒரு இடத்தில் பாட்டிக்குப் படி எட்டவில்லை. மூன்றாவது இடத்தில் சைக்கிளும் போனது, பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். விலைதான் கொஞ்சம் எட்டவில்லை. அதே மாடலில் நான்கு வருடம் ஓடிய வண்டி ஒன்று வேலூரில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். கடலை பிடுங்கிய பிறகு போய்ப் பார்க்கப் போகிறார்கள். அதுவரைக்கும் ஏரிக்கரையில் பைக் வெளிச்சம்தான்.

உங்கள் வீட்டுக் காரில் எந்த அளவு சைக்கிள், எதைக் கழற்றி, எத்தனை பேரோடு ஏறுகிறது என்று அளந்து ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். காரின் பெயர், வருடம், வேரியன்ட் மூன்றையும் குறிப்பிடுங்கள். வருகிற இதழ்களில் கேள்வி-பதில் பகுதியில் போடுகிறோம்.